மெல்பேர்ணில் பெயர் மாறிய காய்

ஹரிஸ் பார்க் புகையிரத நிலையத்தில் இறங்கி விக்ரம் வீதிக்குள் நுழைந்தால் தோசைக் கல்லின் வாசமும் ஜிலேபிக் கடையின் சீனிப்பாகு வாசமும் சேர்ந்தே வரும். மளிகைக் கடைகளில் அரிசி மூட்டைகளைக் கடந்து, ஊதுபத்திக்கும் மருதாணிக்கும் இடையில் பார்த்தால் சீயக்காய்த் தூள் பைகள் அடுக்கியிருக்கும். பக்கத்திலேயே சீயக்காய் கலந்ததாகச் சொல்லும் ஷாம்பூப் போத்தல்கள் நிற்கும். போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தால் சேர்மானங்களின் வரிசையில் 'அகேசியா கன்சின்னா' என்று ஒரு பெயர் கிடைக்கும். அதுதான் சீயக்காய். ஆனால் தாவரவியலாரிடம் கேட்டால் அப்படி ஒரு அகேசியா இப்போது இல்லை என்பார்கள். அந்தப் பெயர் பறிபோன கதையின் கடைசி அத்தியாயம் நடந்தது வேறெங்கும் இல்லை. 2011ஆம் ஆண்டு ஜூலை மாதம், மெல்பேர்ண் நகரத்தில்.

அந்த இடத்துக்கு வருவதற்கு முன் காயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலர் அதைத் தூளாகத்தான் பார்த்திருக்கிறார்கள். சிலர் போத்தலில் ஒட்டிய படமாக மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

சீயக்காய் மரமல்ல, முள்ளுள்ள பெருங்கொடி. தென்னிந்தியக் காடுகளில் மற்ற மரங்களைப் பற்றி ஏறி வளரும். இலை சிறகு போல நுணுக்கமாகப் பிரிந்திருக்கும். பூ சின்னச் சின்ன உருண்டை. பச்சையில் சதைப்பற்றாக இருக்கும் காய், காய்ந்ததும் சுருங்கிப் பழுப்பாகிவிடும். சத்தியமங்கலம், பிளிகிரிரங்கன் மலைப் பகுதிகளில் சோளகர் முதலான பழங்குடிகள் காலங்காலமாகப் பொறுக்கி வந்த காட்டுப் பொருட்களில் தேன், நெல்லிக்காய், பூந்திக்கொட்டை இவற்றோடு சீயக்காயும் ஒன்று. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2002இல் திருத்தப்பட்டபோது சரணாலயங்களுக்குள் விற்பனைக்காகப் பொருள் சேகரிப்பது தடைப்பட்டது. பின்னர் 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூல் மீது பழங்குடிகளுக்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது. ஒரு சட்டம் பறித்ததை இன்னொரு சட்டம் திருப்பிக் கொடுக்க அவர்கள் எத்தனை அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார்கள் என்பதைத் தனியாகவே எழுத வேண்டும். கடையில் ஒரு பை தூளை எடுத்துப் போடும்போது, அதன் முதல் கை ஒரு காட்டுவாசியின் கை என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

காயில் இருக்கும் சரக்கின் பெயர் சாபோனின். சவர்க்காரத்துக்கான இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். இந்த மூலக்கூறின் ஒரு பக்கம் சர்க்கரையால் ஆனது. அது நீரோடு ஒட்டும். மற்றப் பக்கம் எண்ணெயோடு ஒட்டும். தலையில் தேய்க்கும்போது எண்ணெயைப் பிடித்த மூலக்கூறை நீர் இழுத்துக்கொண்டு போகிறது. சவர்க்காரமும் இதைத்தான் செய்கிறது என்றாலும் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது. சொல்லின் வாலிலேயே காரம் இருக்கிறது. காரம் பட்டால் மயிரின் மேற்புறச் செதில்கள் விரிந்து, முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழும். சீயக்காய்க் கரைசலோ மெல்லிய புளிப்புத் தன்மை கொண்டது; செதில்கள் படிந்தே கிடக்கும். அழுக்கைப் போக்குவதும் முடியை மென்மையாக்குவதும் இன்று இரண்டு போத்தல்களில் விற்கும் இரண்டு வேலைகள். இந்தக் காய் அவற்றை ஒரே கையில் செய்தது.

இரண்டாவது வித்தியாசம் யாழ்ப்பாணத்தாருக்குச் சட்டென்று விளங்கும். குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல். கிணற்று நீர் கடினம். அந்த நீரில் சவர்க்காரத்தைக் கரைத்தால் கல்சியத்தோடு சேர்ந்து தயிர் போலத் திரிந்து, தலையில் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். சாபோனினுக்கு அந்தக் கோளாறு கிடையாது. நுரை குறைவுதான், ஆனால் எந்தத் தண்ணீரிலும் வேலை நடக்கும். கண்ணில் பட்டால் எரியும் என்பதைச் சிறுபிள்ளையாகக் கிணற்றடியில் முழுகிய எவருக்கும் சொல்லத் தேவையில்லை. சிட்னியின் குழாய்த் தண்ணீர் மென்மையானது. ஊரில் இந்தக் காய் வேண்டியிருந்ததற்கான காரணங்களில் ஒன்று விமானம் ஏறும்போதே கழன்றுவிட்டது.

சீயக்காய் தனியாக வேலை செய்ததும் இல்லை. பூந்திக்கொட்டை இருந்தது. பட்டுத் துணி துவைக்கவும், தட்டார் பொன்னைக் கழுவிப் பளபளப்பாக்கவும் அதுதான். கொங்கு நாட்டில் உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்து அரப்பு என்று வைத்துக்கொண்டார்கள். உசிலம்பட்டியின் பெயரில் இருப்பது அதே மரம். எங்கள் பக்கத்தில் அரப்பு என்றால் ஒரு மரத்தின் பெயரல்ல, ஒரு கூட்டு. சீயாக்காயோடு வெந்தயமும் தேசிக்காயும் சேர்த்து அவித்து அரைத்தது. வீட்டுக்கு வீடு அளவு மாறும். பூந்திக்கொட்டையின் தாவரப் பெயரான சபிண்டஸ் என்பதற்கு 'இந்தியச் சவர்க்காரம்' என்று பொருள். இதைக் கேட்டுப் பெருமைப்படுகிறவர்களுக்கு ஒரு சிறு ஏமாற்றம் உண்டு: லின்னேயஸ் அந்தப் பெயரின் கீழ் வைத்த மரம் அமெரிக்காவின் வெப்ப மண்டலத்தைச் சேர்ந்தது. கொலம்பஸ் செய்த குழப்பத்தின் எச்சம் தாவரவியலிலும் கிடக்கிறது.

சீயக்காய் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்கலாம். சிகைக்குப் போடும் காய், ஆகவே சிகைக்காய் என்று விளக்கம் சொல்வோர் உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கன்னடத்தில் சீகெ, தெலுங்கில் சீகாய என்று அக்கம்பக்கத்து மொழிகளிலும் நெடிலாகவே நிற்கும் சொல்லை வடமொழிச் சிகையில் கொண்டுபோய்க் கட்ட எனக்கு மனமில்லை. பழந்தமிழில் 'சீத்தல்' என்றால் துடைத்தல், அகற்றல், கூட்டித் துப்புரவாக்கல். செய்யும் வேலைக்கு அந்த வேர் எவ்வளவோ பொருந்துகிறது.

ஷாம்பூ என்ற சொல் போன பாதை இதைவிடக் கோணலானது. இந்தியில் 'சாம்போ' என்றால் அழுத்திப் பிடித்துவிடு என்று பொருள். பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் தீன் முகமது, 1810இல் லண்டனில் ஒரு இந்திய உணவகம் திறந்து நட்டப்பட்டு, பிறகு பிரைட்டன் கடற்கரையில் மூலிகை நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடும் நிலையமும் வைத்தார். 1822இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். நான்காம் ஜோர்ஜ் மன்னருக்கு 'ஷாம்பூ வைத்தியர்' ஆனார். அப்போது அந்தச் சொல்லுக்கும் தலை கழுவுவதற்கும் தொடர்பே இல்லை. சில பத்தாண்டுகளில் ஆங்கிலேயர்கள் அதைத் தலைக்கு மாற்றிக்கொண்டார்கள். சொல்லை எங்கள் பக்கத்திலிருந்து எடுத்து, பொருளை அவர்கள் செய்து, பிறகு இரண்டையும் சேர்த்து எங்களுக்கே விற்றார்கள்.

விற்பனை தொடங்கியதற்கு நல்ல தேதி ஒன்று இருக்கிறது. 1888இல் லீவர் சகோதரர்களின் சன்லைட் சவர்க்காரப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின. அதே நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் சிட்னியின் பால்மெயினிலும் ஆலை போட்டுவிட்டது. சவர்க்காரம் முதலில் துணியைப் பிடித்தது, பிறகு உடம்பை. தலை மட்டும் நெடுங்காலம் அகப்படவில்லை. நல்லெண்ணெய் வைத்த தலையைச் சவர்க்காரம் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 1930களில் அமெரிக்காவில் செயற்கைச் சலவைப் பொருளால் ஆன ஷாம்பூ வந்தது. கடின நீரிலும் நுரைப்பது, எண்ணெயை முற்றாக எடுப்பது. சீயக்காய்க்கு உண்மையான எதிரி அதுதான்.

அந்த எதிரி தமிழ் வீடுகளுக்குள் வந்த வாசல் கடலூரில் இருக்கிறது. சின்னி கிருஷ்ணன் என்ற சிறு தொழில் முனைவர், போத்தல் வாங்க முடியாதவரும் வாங்கும்படி ஷாம்பூவைச் சின்னச் சின்ன சாஷேக்களில் அடைக்கும் யோசனையைப் பிடித்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியாகத் தொடங்கிய தொழிலில் தந்தையின் பெயரைச் சுருக்கி 'சிக்' என்று ஷாம்பூவுக்கு வைத்தார். காலி சாஷேக்களைக் கொண்டுவந்தால் புதிது இலவசம் என்ற திட்டமும் வந்தது. ஐம்பது காசு சாஷே தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெட்டிக்கடையில் தோரணமாகத் தொங்கத் தொடங்கியபின், சீயக்காய் இடிக்கும் உரலுக்கு வேலை குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே நிறுவனம்தான் மீரா என்ற பெயரில் சீயக்காய்த் தூளையும் பையில் அடைத்து விற்றது. ஹரிஸ் பார்க் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இந்தப் பையும் போத்தலும் எதிரிகள் இல்லை, ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இப்போது போத்தலின் பின்பக்கத்துக்கு வருவோம். அவுஸ்திரேலியாவில் அழகுப் பொருட்களின் சேர்மானங்களை அளவில் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக உள்ளவற்றைக் கடைசியில் எந்த ஒழுங்கிலும் போடலாம். ஆகவே முன்பக்கத்தில் சீயக்காயின் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பின்பக்கத்தில் அது எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று பாருங்கள். முதலில் நீர், பிறகு சல்பேட் நுரைப்பான்கள் என்று தொடங்கி, வாசனைக்கும் நிறத்துக்கும் அருகில் 'அகேசியா கன்சின்னா' கிடந்தால், தலையைக் கழுவுவது சீயக்காய் அல்ல.

பெயரின் கதை இதுதான். அகேசியா என்ற பேரினத்துக்குப் பிலிப் மில்லர் 1754இல் முறையான இடம் கொடுத்தார். முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு உறவுள்ள பெயர் அது. எகிப்திலிருந்து இந்தியா வரை பரவியிருக்கும் எங்கள் கருவேல மரமே அதற்கு முன்மாதிரி. சென்னை மாகாணத்தில் கும்பனி வைத்தியராகத் தொடங்கிய வில்லியம் ராக்ஸ்பர்க், சீயக்காயை மைமோசாக் கூட்டத்தில் வைத்து 'அப்ஸ்டெர்ஜென்ஸ்' என்றார். துடைத்துத் துப்புரவாக்குவது என்று பொருள். 'சீ' என்ற வேரை அவர் அறிந்திருக்க மாட்டார்; ஆனாலும் அதே பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. டி கண்டோல் 1825இல் அகேசியா கன்சின்னா என்று நிலைநிறுத்தினார். கன்சின்னா என்றால் நேர்த்தியானது.

சென்னையில் பணியாற்றிய இன்னொரு வைத்தியர் ராபர்ட் வைட். ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்களை வைத்துத் தென்னாட்டுத் தாவரங்களை ஆயிரக்கணக்கில் வரைவித்தவர். வைட்டின் தாவரப் பதிவுகளைப் புரட்டுகிறவர்கள் அந்த இரண்டு பெயர்களையும் கடந்து போய்விடுகிறார்கள் என்பது என் பழைய மனக்குறை. வைட்டும் ஆர்னோட்டும் 1834இல் மணமுள்ள மஞ்சள் பூப் பூக்கும் ஒரு வேலமரத்தை அகேசியாவிலிருந்து பிரித்து வசேலியா என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய 170 வருடம் கழித்து அது தூசி தட்டி எடுக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில், அகேசியா என்று சொல்லிவந்தது உண்மையில் ஒரு குடும்பமல்ல, பல குடும்பங்கள் என்று தெரியவந்தது. பிரித்தாக வேண்டும். பிரித்தால் பழைய பெயர் யாருக்கு? விதிப்படி முன்மாதிரி மரம் இருக்கும் கூட்டத்துக்கு, அதாவது ஆபிரிக்க, ஆசியக் கருவேலத்துக்கு. ஆனால் அவுஸ்திரேலியாவில் மட்டும் ஆயிரத்துக்கு அருகில் இனங்கள் இருந்தன. அவை எல்லாம் ரகோஸ்பெர்மா என்ற வாயில் நுழையாத பெயருக்கு மாற வேண்டும். தேசிய மலரே அகேசியா. இந்நாட்டு விளையாட்டு வீரர்கள் போட்டுக்கொள்ளும் பச்சையும் பொன்னும் அந்தப் பூவின் நிறம். அவுஸ்திரேலியத் தாவரவியலாளர் இருவர் 2003இல் ஒரு முன்மொழிவு வைத்தார்கள்: முன்மாதிரியையே மாற்றி, கருவேலத்தின் இடத்தில் ஒரு அவுஸ்திரேலிய இனத்தை வைத்துவிடலாம்.

2005இல் வியன்னாவில் கூடிய அனைத்துலகத் தாவரவியல் மாநாட்டில் இது வாக்குக்கு வந்தது. வாக்களித்தவர்களில் 54.9 வீதத்தினர் எதிர்த்தார்கள். ஆனாலும் முன்மொழிவு வென்றது, ஏனென்றால் குழுவின் பரிந்துரையைத் தள்ளுபடி செய்ய 60 வீதம் வேண்டும் என்றார்கள். ஆபிரிக்கத் தாவரவியலாளர்கள் கொதித்தார்கள். ஆறு வருடம் வாதம் நடந்து, 2011இல் அடுத்த மாநாடு கூடியபோது இடம் மெல்பேர்ண். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்குகளால் வியன்னா முடிவு உறுதியானது. பெயர்கள் பற்றிய இந்த வாக்குகளில் தனி ஆட்களின் கையைவிட ஹெர்பேரியங்களின் கை ஓங்கியிருக்கும்; பெரிய ஹெர்பேரியங்கள் யாரிடம் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஊரில் ஒரு காணி வழக்கை உறுதி எழுதிய பிரசித்த நொத்தாரிசின் வீட்டு விறாந்தையில் வைத்து விசாரித்தது போல இருந்தது என்று சொன்னால் மெல்பேர்ண்காரர்கள் கோபிப்பார்கள். ஆயிரம் பெயர்களை மாற்றுவதைவிடச் சில நூறு பெயர்களை மாற்றுவது சுலபம் என்ற அவர்கள் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முள்ளில்லாத மரங்கள் முள்ளின் பெயரை வைத்துக்கொண்டன, முள்ளுள்ளவை விட்டுக்கொடுத்தன.

கருவேலம் வைட் வைத்த வசேலியாவுக்குள் போனது. சீயக்காய் செனகல் நாட்டின் பெயர் தாங்கிய செனகேலியாவுக்குப் போனது. போகிற வழியில் லாமார்க் வைத்த இன்னும் பழைய பெயர் ஒன்று முன்னுரிமை கேட்டு வந்துவிட, இன்று அது செனகேலியா ருகாட்டா. ருகாட்டா என்றால் சுருக்கம் விழுந்தது. நேர்த்தியானவள் என்று பெயர் கேட்டவள் சுருக்கம் விழுந்தவள் ஆனாள். அழகுப் பொருள் உலகம் மட்டும் இதைக் கண்டுகொள்ளவில்லை. போத்தலில் பழைய பெயர்தான் ஓடுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு பெயர்மாற்றம் நடந்திருக்கிறது. அதைத் தாவரவியல் மாநாடுகள் அறியா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆங்கிலேயர்கள் அவுஸ்திரேலிய வாட்டில் மரங்களை நீலகிரிக்குக் கொண்டுபோனார்கள், விறகுக்கு. பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகவும் காடு காடாக நட்டார்கள். சிறகு இலையும் உருண்டைப் பூவும் கொண்ட அந்த அந்நிய மரத்தை மலையில் எல்லோரும் சீகை மரம் என்கிறார்கள். பார்த்ததும் தெரிந்த முகத்தின் பெயரை வைத்திருக்க வேண்டும். அதாவது இந்த நாட்டு அகேசியா அங்கே சீகையாயிற்று. அங்கத்தைய சீகைக்கு அகேசியா என்ற பெயர் இங்கே பறிபோயிற்று. நீலகிரிச் சீகை இப்போது சோலைப் புல்வெளிகளை விழுங்கிவிட்டது. தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட அயல் களைத் தாவரக் கொள்கையின்படி அகற்ற வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

ஹரிஸ் பார்க்கில் நின்றுகொண்டு குடிவந்த செடியைப் பற்றிப் பேசுவதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. இந்த நிலம் தாருக் மக்களின் புர்ரமட்டகல் கூட்டத்தாருடையது. குற்றவாளியாகக் கப்பலேறி வந்த ஜேம்ஸ் ரூஸ் இங்கே முதன்முதல் வெள்ளைக்காரப் பண்ணை போட்டார். 1793இல் அதை வாங்கிய படை வைத்தியர் ஜோன் ஹரிஸ் பெயரால்தான் இந்தப் புறநகர். இந்தியப் புள்ளிமான்களை முதலில் இந்நாட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தவரும் அவரே. விக்ரம் வீதிக்கு இந்தியர்கள் வருவதற்கு முன்பே இந்திய மான் வந்துவிட்டது. 2023 மே மாதம் இரு நாட்டுப் பிரதமர்களும் மேடையில் நின்று 'லிட்டில் இந்தியா' என்று சொன்னது அதற்கு 200 வருடங்களுக்குப் பிந்திய செய்தி.

பக்கத்திலுள்ள பரமட்டாவின் பெயரையே தாங்கிய வாட்டில் ஒன்று உண்டு: அகேசியா பரமட்டென்சிஸ். மேரி டிண்டேல் என்ற சிட்னித் தாவரவியலாளர் 1962இல் விவரித்தது. சீயக்காய் இலையைப் பார்த்தவர் அதன் கிளையைக் கையில் எடுத்தால் ஒரு கணம் தடுமாறுவார். முள் மட்டும் இருக்காது. நுரையும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வடக்கில் வளரும் அகேசியா ஹோலோசெரிசியாவின் காயைத் தண்ணீரில் கசக்கிப் பழங்குடி மக்கள் கழுவப் பயன்படுத்தினார்கள். ஆங்கிலத்தில் அதைச் சவர்க்காரப் புதர் என்றே சொல்கிறார்கள். இந்தக் கரையில் வளரும் அல்ஃபிடோனியா எக்செல்சா மரத்தின் இலையும் அப்படியே நுரைக்கும். அதே இலையைக் குட்டையில் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கவும் செய்தார்கள். சாபோனின் மீனுக்கு நஞ்சு. இதை எந்தக் கடலும் தாண்டாமல் அவர்கள் தாங்களாகவே கண்டறிந்திருந்தார்கள்.

தீபாவளிக்கு எண்ணெய் வைப்பது, சித்திரைக்கு மருத்துநீர் வைப்பது எல்லாம் சிட்னி வீடுகளில் ஓரளவு நடக்கின்றன. ஆனால் வாராந்த முழுக்கு போய்விட்டது. வேலைக்கு ஓடும் காலையில் அவித்து அரைத்து அலசிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. குளியலறைக் குழாய் அடைத்துக்கொள்ளும் என்ற பயமும் உண்டு. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவித்ததும் அரைத்ததும் பெரும்பாலும் பெண்கள். அந்த வெள்ளிக்கிழமைகள் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கின்றன.

ஒரே ஒரு முழுக்குக்கு மட்டும் மாற்று வரவில்லை. எங்கள் செத்தவீடுகளில் உடலை நீராட்டுமுன் உறவினர் வரிசையாக வந்து தலையில் அரப்பும் எண்ணெயும் வைப்பார்கள். தமிழ்நாட்டில் எண்ணெய் சீயக்காய் வைப்பது என்பார்கள். அதற்கு ஷாம்பூ வைத்ததாக நான் இதுவரை கேள்விப்படவில்லை. மேற்குச் சிட்னியில் ஒரு மரணம் நடந்தால், யாரோ ஒரு மருமகன் காரை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போய்த் தூளும் நல்லெண்ணெயும் தேசிக்காயும் வாங்கி வருகிறான். மலர்ச்சாலையில் தரப்பட்ட சின்ன அறையில், காகிதக் கோப்பையில் அதைக் குழைக்கிறார்கள். ஒரு பெரியம்மா எப்படித் தொட்டு எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுகிறாள். இங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் வரிசையில் வருகிறார்கள். விரல் நுனியில் ஒட்டிய பழுப்புக் குழம்பை முகர்ந்து பார்த்து, இது என்ன என்று தாயிடம் மெதுவாகக் கேட்கிறார்கள்.